டால்பினோடு நீந்தப் போகிறோம்: கடலா, தொட்டியா?

#1 நீர்க்கோழி

டால்பினோடு நீந்துவது என்று முடிவாகிவிட்டது, இடம்தான் முடிவாகவில்லை. மொத்தம் நான்கு பேர். இருவருக்கு நல்ல நீச்சல், ஒருவருக்குக் குளத்தில் 50 மீட்டர் தாண்டினால் மூச்சு வாங்கும், நாலாவது 9 வயதுச் சிறுமி. ஸ்நார்கெல் (மாஸ்க் போட்டு, வாயில் மூச்சுக் குழாய் வைத்து முகம் கீழே மிதப்பது) யாருக்கும் பழக்கமில்லை.

தொட்டி என்றால் டால்பின் நிச்சயம், கடலில் அப்படி இல்லை. கடல்தான் என்றால் எந்த இடம், என்ன சாமான், எவ்வளவு பயிற்சி? கண்ணில் பட்டதும் "குதி, குதி" என்று ஆளைத் தள்ளிவிடும் படகுகளில் மாட்டிக்கொள்ளாமல் தப்புவது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் விலாவாரியாகச் சொல்லுங்கள். இழை நீண்டால் நீளட்டும்.

#2 ஓங்கில்பித்தன்

இடத்தைத் தேடுவதற்கு முன்னால் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். டால்பின் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அன்றாடமும் வேறு. நீங்கள் தண்ணீரில் இறங்கும் நேரத்தில் அது தூங்குகிறதா, இரை தேடுகிறதா, சும்மா திரிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்பின்னர் டால்பினை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ஆழத்திலிருந்து மேலேறி வரும் சிறு மீன், கணவாய், இறால் தின்னும். விடிந்ததும் மணல் தரையுள்ள அமைதியான விரிகுடாவுக்குள் வந்து ஓய்வெடுக்கும். வெளிறிய மணல் பின்னணியில் சுறா வந்தால் கண்ணில் பட்டுவிடும், அதற்காகத்தான் அந்த இடம். சுற்றுலாப் படகு கிளம்புவதும் அதே காலையில்தான். கிட்டத்தட்ட ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த அறைக்குள் நாற்பது பேர் டார்ச் அடித்துக்கொண்டு நுழைவது மாதிரி. ஹவாயில் இது அளவு மீறிப் போய்த்தான் 2021-இல் சட்டம் வந்தது: முக்கியத் தீவுகளின் கரையிலிருந்து 2 கடல்மைலுக்குள் ஸ்பின்னரிடமிருந்து 50 கெஜம், அதாவது சுமார் 45 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். நீந்துபவருக்கும் படகுக்கும் ஒரே விதி. ஆக, ஹவாயில் ஸ்பின்னரோடு நீந்துவது என்று இன்னும் யாராவது விற்றால், அந்த விளம்பரத்தை அங்கேயே மூடிவிடலாம்.

டஸ்கி டால்பின் கதை வேறு. நியூசிலாந்தின் கைகோராவில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருகிறது. இரவில் அங்கே இரை, பகலில் கரையோரம் பெருங்கூட்டமாகச் சுற்றல். தண்ணீரில் ஆளைக் கண்டால் வட்டமடித்துப் பார்க்கும் ஆர்வம் இந்த இனத்துக்கு அதிகம். ஆனால் தண்ணீர் குளிரும். கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிதான், குளிர்காலத்தில் 10-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

அட்லாண்டிக் புள்ளி டால்பின்: பஹாமாஸ், குறிப்பாக பிமினி பக்கம். வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர், 6 முதல் 12 மீட்டர் ஆழம். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம், அதன் பின்பாதியில் புயல் வரலாம். புதியவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் அரிது.

பாட்டில்மூக்கன் (bottlenose) டால்பின்தான் எங்கும் கிடைக்கும், ஆனால் அதற்கு எப்போதும் மூட் இருக்காது. பெரிய உடம்பு, உள்ளூரிலேயே தங்கும் சிறு கூட்டம், தினமும் அதே படகுகள். நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸில் எண்ணிக்கை மளமளவென்று சரிந்ததால் 2019 முதல் அங்கே பாட்டில்மூக்கனோடு நீந்துவதையே நிறுத்திவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் இன்னும் துல்லியமான கணக்கு உண்டு. ஒரு சுற்றுலாப் படகு நிறுவனம் இரண்டானபோது அந்தப் பகுதியில் டால்பின் வரத்து சுமார் 15 சதவீதம் குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரே ஒரு கூடுதல் நிறுவனத்துக்கு இவ்வளவு!

#3 பாய்மரம்

பித்தன் சொன்னதோடு மூன்று இடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள். இங்கே ரப்பர் படகிலிருந்து ஒரு நேரத்தில் இருவர் மட்டும் இறங்குவார்கள், ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவது) கூடாது. ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர், கீழே வெறும் நீலம். அதைப் பார்த்தாலே சிலருக்கு வயிறு கலங்கும். சிறுமிக்கு இது வேண்டாம்.

ஜப்பானின் மிகுராஜிமா. தீவைச் சுற்றியே வாழும் இந்தோ-பசிபிக் பாட்டில்மூக்கன். தொடக் கூடாது, இரை போடக் கூடாது, ஸ்கூபா கூடாது. மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவருக்குச் சொர்க்கம். தெரியாதவருக்கு அலைதான் மிச்சம்.

எகிப்தில் மர்சா ஆலம் பக்கத்து சமதாய் பவளத்திட்டு. இதுவும் ஸ்பின்னர் ஓய்விடம்தான். ஆனால் 2004 முதல் வளைவுத் திட்டை மண்டலங்களாகப் பிரித்து மிதவைக் கயிறு கட்டியிருக்கிறார்கள். உள்மண்டலத்துக்குள் மனிதர் போகவே கூடாது. நடு மண்டலத்தில் நீந்தலாம், படகு வெளியே நிற்கும், நாளுக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு உண்டு. டால்பினாகக் கயிற்றைத் தாண்டி வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் பவளம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒழுங்கு என்றால் இது.

எதிர் உதாரணம் சான்சிபாரின் கிசிம்காசி. பருவத்தில் ஒரே கூட்டத்தைப் பல படகுகள் துரத்தும், முன்னால் போய் மறிக்கும், ஆட்கள் கொத்தாகக் குதிப்பார்கள். அப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் இறங்காதீர்கள்.

#4 நீர்க்கோழி

ஆக, டால்பின் அதிகம் தென்படும் இடத்தைவிட, அது சும்மா இருக்கும் நேரமும் இடமும்தான் முக்கியம், சரியா? நான் நேர்மாறாகத் தேடிக்கொண்டிருந்தேன். தொட்டி பற்றியும் யாராவது சொல்லுங்கள். வீட்டில் பாதி ஓட்டு அதற்குத்தான்.

#5 கரைக்காவல்

தொட்டி பற்றி நான் சொல்கிறேன். ஆதரவாகப் பேச வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து முடிவெடுங்கள்.

வழக்கமான நிகழ்ச்சி இப்படிப் போகும்: 10-15 நிமிட விளக்கம், லைஃப் ஜாக்கெட், இடுப்பளவு மேடையில் நிற்க வைத்துத் தொடுதல், ஒரு முத்தப் படம், பிறகு ஆழப் பகுதியில் துடுப்பைப் பிடித்து ஓர் இழுப்பு. சில இடங்களில் இரண்டு டால்பின்கள் மூக்கால் உங்கள் பாதத்தைத் தள்ளி நீருக்கு மேலே எழுப்பும். உங்களுக்கென்று கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள், மீதி வரிசையில் நிற்பது. ஒவ்வொரு அசைவுக்கும் பயிற்சியாளரின் விசில், பின்னால் ஒரு மீன். உங்கள் மேல் பாசம் வந்து முத்தம் கொடுக்கவில்லை. அந்தச் 'சிரிப்பு' கூட தாடையின் அமைப்பு, செத்த டால்பினுக்கும் அதே சிரிப்புதான்.

போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்:

- ஒவ்வொரு டால்பினும் எங்கே பிறந்தது? கடலில் பிடித்ததா? ஜப்பானின் தைஜி, சாலமன் தீவுகள், கியூபா ஆகிய இடங்களில் பிடித்து உலகெங்கும் விற்றிருக்கிறார்கள். "மீட்கப்பட்டது" என்றால் எந்த ஆண்டு, எந்தக் கரையில் என்று கேளுங்கள்.
- மனிதர் நுழையாத ஒதுங்கிடம் உண்டா? அது எப்போதும் திறந்திருக்குமா? நடுவில் டால்பின் அங்கே போய்விட்டால் நிகழ்ச்சி நிற்குமா, திரும்பக் கூப்பிடுவார்களா?
- ஒரு டால்பினுக்கு ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம், எத்தனை பேர்?

ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் எழுதிய விதி: ஒரு டால்பினுக்கு 3 பேருக்கு மேல் கூடாது, நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 10 மணி நேரமாவது பொதுமக்கள் தொந்தரவு இல்லாமல் விட வேண்டும், ஒதுங்கிடம் கட்டாயம். மறு ஆண்டே அந்த விதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எதிராளி திணறுவது தெரியும்.

காயமும் வரும். பெரிய பாட்டில்மூக்கன் 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். பல்தடக் கீறல், கடி, விலாவில் மூக்கு இடி ஆகியவைதான் வழக்கமானவை. நகம், மோதிரம், கடிகாரம் எல்லாம் வெளியே. கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சளி இருமல் உள்ளவர்கள் விலகி இருப்பதே நல்லது. மூச்சு வழி நோயும் தோல் தொற்றும் இரண்டு பக்கமும் தாவும்.

இன்னொன்று, டால்பின் தெரபி. பிள்ளைக்கு ஆட்டிசம், மன அழுத்தம் என்று சொல்லி பெரிய தொகை வாங்குவார்கள். லோரி மரீனோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இலும் 2007-இலும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆய்வுகளை அலசி, நிலையான பலன் எதுவும் நிறுவப்படவில்லை என்று காட்டிவிட்டார்கள்.

#6 அலைவரிசை

கரைக்காவல், ஒரு மறுப்பு. கடல் நீச்சல் என்றாலே நல்லது, தொட்டி என்றாலே கெட்டது என்று இழை போய்விடக் கூடாது. நாளுக்கு இருபது படகு துரத்தும் கூட்டத்துக்குக் கடல் ஒன்றும் சுதந்திரம் இல்லை. தொட்டி டால்பின் ஏற்கெனவே பிடிபட்டது, அங்கே போவதால் புதிதாக ஒன்றும் கெடாது என்று வாதிடலாமே?

#7 கரைக்காவல்

முதல் பாதி சரி. இரண்டாவது பாதி சரியில்லை. உங்கள் டிக்கெட்தான் அடுத்த டால்பினுக்கான கொள்முதல் ஆணை. தொட்டியில் செத்துப்போவதற்கு ஈடுசெய்ய இனப்பெருக்கம் அல்லது பிடிப்பு, இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். உலகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பாருங்கள். இந்தியா 2013-இல் டால்பினேரியத்துக்கு (டால்பின் காட்சித் தொட்டிக்கு) அனுமதி இல்லை என்றது. கனடா 2019-இல் புதிதாக அடைத்து வைப்பதையும் இனப்பெருக்கத்தையும் சட்டத்தால் நிறுத்தியது. பிரான்ஸ் 2021-இல் நிகழ்ச்சிகளுக்கு முடிவு தேதி குறித்தது. 2025-இல் மெக்சிகோவும் சேர்ந்தது, அது இந்தத் தொழிலின் பெரிய சந்தைகளில் ஒன்று. ஒரு வருடம் கழித்து என்று திட்டமிட்டால், பதிவு செய்த இடம் அப்போது திறந்திருக்குமா என்பதே கேள்வி.

#8 அலைவரிசை

கொள்முதல் ஆணை என்ற கணக்கை ஏற்கிறேன். துரத்தும் படகு விஷயத்தில் நானும் என் நிலையில்தான்.

#9 துடுப்புமீன்

சாமான் பக்கம் வருவோம். சிக்கல் பெரும்பாலும் டால்பினால் வராது, மாஸ்க்கால்தான் வரும்.

மாஸ்க்: வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். மீசை இருந்தால் மேலுதட்டு ஓரம் கசியும், மூக்கடியில் கொஞ்சம் மழித்துவிடுங்கள், அல்லது வாஸ்லின். புது மாஸ்க்கின் கண்ணாடியில் சிலிகோன் படலம் இருக்கும். பற்பசையை விரலில் எடுத்து உள்பக்கம் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால்தான் பனி மூட்டம் போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ, லேசாக அலசல். முகம் முழுக்க மூடும் மாஸ்க் வேண்டாம்: காது அழுத்தம் சரி செய்ய மூக்கைப் பிடிக்க முடியாது, தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற வராது, வேகமாக மூச்சு வாங்கும்போது வெளிவிட்ட காற்றே திரும்ப உள்ளே போகும்.

துடுப்புக் காலணி: நடுத்தர நீளம், குதிகால் மூடியது. நீள ஃப்ரீடைவிங் (மூச்சடக்கி மூழ்குதல்) துடுப்பு படத்தில் அழகாக இருக்கும், பழக்கமில்லாதவருக்குப் பத்தாவது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு): தண்ணீர் 27 டிகிரிக்கு மேல் என்றால் ராஷ்கார்டு (மெல்லிய நீச்சல் மேலுடுப்பு) போதும், 23-26 என்றால் 3 மி.மீ., 18-22 என்றால் 5 மி.மீ., அதற்குக் கீழே 7 மி.மீ., தலைமூடி, காலுறை. சிறுமிக்கு ஒரு படி கூட்டிப் போடுங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் சூடு இழக்கும், மிதந்துகொண்டே காத்திருப்பதில் உடம்பு வேலை செய்யாது. வெட்சூட் மிதக்க வைக்கும், அதையே உங்கள் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூழ்குவதற்காக எடைப் பட்டை கட்டுவது ஃப்ரீடைவிங் பயின்றவருக்கு மட்டும்.

சன்ஸ்கிரீனைக் கையில் பூசிக்கொண்டு மாஸ்க்கைத் தொட்டால் கண் எரியும். முழுக்கை உடுப்பே மேல்.

#10 நீர்க்கோழி

பயிற்சி எவ்வளவு நாள்?

#11 துடுப்புமீன்

நான்கு வாரம், வாரம் இரண்டு தடவை குளம். முதல் வாரம் ஸ்நார்கெல் மட்டும்: முகத்தை நீரில் வைத்து 10 நிமிடம் நகராமல் மிதந்தபடி மூச்சு. இதுதான் ரொம்பக் கடினம், எல்லோரும் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டாவது வாரம் குழாய்க்குள் தண்ணீர் விட்டு ஒரே ஊதலில் வெளியேற்றுவது, மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது, தலை தூக்காமலே. மூன்றாவது வாரம் துடுப்போடு 400 மீட்டர், கையை ஆட்டாமல், உடம்போடு ஒட்டி வைத்து. நான்காவது வாரம் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வழுக்கி இறங்குவது, ஏணியில் துடுப்பைக் கழற்றி ஏறுவது.

50 மீட்டர்க்காரருக்கு 200 மீட்டர் நிற்காமல் வந்தால் போதும், வேகம் வேண்டாம். வராவிட்டால் அவருக்குக் கயிறு உள்ள படகு (பாய்மரம் சொல்வார்).

மூச்சடக்கி மூழ்குவதை நல்ல நீச்சல்காரர்கள் இருவரும் முயல்வார்கள், தடுக்க முடியாது. ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வு. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவது கூடவே கூடாது. கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து, மூச்சு விடச் சொல்லும் எச்சரிக்கை தாமதமாகும். மேலே வரும்போது நினைவு தப்பும், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான். டால்பின் பின்னாலேயே இன்னும் ஒரு மீட்டர், இன்னும் ஒரு மீட்டர் என்று போகிறவர்களுக்குத்தான் இது நடக்கும்.

#12 ஓங்கில்பித்தன்

இப்போது இறங்கும் முறை. முழு விஷயமும் இந்த முதல் அரை நிமிடத்தில் இருக்கிறது.

படகு கூட்டத்துக்குப் பக்கவாட்டில், அதே திசையில், அதே வேகத்தில் போக வேண்டும். நேர் எதிரே வரக் கூடாது, பின்னாலிருந்து துரத்தக் கூடாது, நடுவில் பிளந்து போகவே கூடாது. நியூசிலாந்து விதிப்படி 300 மீட்டருக்குள் வந்ததும் வேகம் குறைத்தாக வேண்டும், ஒரு கூட்டத்தைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் 3 படகுக்கு மேல் கூடாது. வேறு நாட்டில் போனாலும் இதையே மனதில் வைத்துப் படகோட்டியை எடை போடலாம்.

நீங்கள் மாஸ்க், துடுப்பு போட்டு, குழாயை வாயில் வைத்துப் பின்மேடையில் உட்கார்ந்திருங்கள். இன்ஜின் நியூட்ரலுக்கு வந்து, படகோட்டி வாயால் "இறங்கு" என்று சொன்ன பிறகே இறங்க வேண்டும். டால்பின் தெரிகிறது என்று நீங்களாக இறங்கினால் புரொபெல்லர் அங்கேதான் இருக்கிறது. குதிக்காதீர்கள். இரண்டு கையையும் மேடையில் ஊன்றி உடம்பைத் திருப்பி, வழுக்கி இறங்குங்கள். தொம்மென்று விழும் சத்தம் நீருக்குள் வெகுதூரம் கேட்கும், கூட்டம் நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும்.

இறங்கியதும் முகம் கீழே. தலையைத் தூக்கி மேலே தேடாதீர்கள், டால்பின் கீழேயிருந்து வரும். முதலில் கேட்கும், பிறகுதான் தெரியும்: விசில், கதவு கிறீச்சிடுவது போன்ற ஒலி, அப்புறம் தடதடவென்று கிளிக். கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். மனிதன் துடுப்போடு முழுமூச்சாக நீந்தினாலும் மணிக்கு 5 கிலோமீட்டர் பக்கம்தான், டால்பின் சோம்பலாகப் போனாலே அதைத் தாண்டிவிடும். ஆகவே துரத்தலில் ஒரு லாபமும் இல்லை. அது வந்தால் பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெதுவாக நகருங்கள். கண்ணைப் பாருங்கள். வட்டமடித்தால் நீங்களும் வட்டமடிக்கலாம். குழாய் வழியாக முனகுவது, பாடுவது டஸ்கியிடம் சில நேரம் எடுபடும். வேடிக்கையாக இருந்தாலும் வழிகாட்டிகளே சொல்லிக் கொடுப்பார்கள்.

மூன்று மணி நேரப் பயணம் என்றால் நீரில் மொத்தம் 20-40 நிமிடம், அதுவும் மூன்று நான்கு துண்டாக. ஒவ்வொரு துண்டிலும் டால்பின் பக்கத்தில் இருப்பது சில நிமிடம். இரண்டு முறை இறங்கியும் கூட்டம் விலகிப் போனால் மூன்றாவது முறை இறங்காதீர்கள். அன்று அந்தக் கூட்டம் வேண்டாம் என்கிறது.

#13 வலைஞன்

சரி, அது நம் பக்கத்தில் வந்து உரசுகிற மாதிரி போகிறது. கையை நீட்டினால் என்ன? தானாக வருவது விருப்பத்தோடுதானே?

#14 கரைக்காவல்

நீட்டாதீர்கள். பார்க்க வருவது வேறு, தொடச் சம்மதிப்பது வேறு. நாயும் அப்படித்தானே. டால்பினின் மேல்தோல் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை உரிந்து புதுப்பிக்கும் அளவுக்கு மென்மை, நகம் பட்டாலே கோடு விழும். நம் கையில் சன்ஸ்கிரீன், கிருமி.

மனிதரோடு ஒட்டிப் பழகிய தனி டால்பின்தான் இன்னும் ஆபத்து. கூட்டத்தை விட்டுத் துறைமுகத்தில் தனியே திரியும், ஆளைத் தேடி வரும், படமெடுக்க நன்றாக இருக்கும். 1994-இல் பிரேசிலில் அப்படி ஒன்றை ஆட்கள் பிடித்து இழுத்து, மேலேறித் தொந்தரவு செய்ததில் அது இடித்து ஒருவர் இறந்தே போனார். 2022 முதல் 2024 வரை ஜப்பானின் ஃபுகுய் கரையில் குளித்தவர்களை மீண்டும் மீண்டும் டால்பின் கடித்தது. தனி டால்பின் கிட்டே வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு அவசரமாக நீந்தாமல், கையை மார்போடு சேர்த்துக்கொண்டு கரையேறுங்கள்.

#15 ஓங்கில்பித்தன்

கரைக்காவல் சொன்னதற்கு மேல், "போ" என்று அது சொல்லும் வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். வாலால் நீரில் அறைவது. தாடையைப் படாரென்று மூடிச் சத்தமெழுப்புவது. வாயைத் திறந்தபடி நேருக்கு நேர் வந்து தலையை வெட்டி ஆட்டுவது. முதுகை வளைத்து உடம்பை எஸ் வடிவில் நிறுத்துவது. திடீரென்று பெரிய குமிழ்க் கொத்து விடுவது. பெரிய டால்பின் உங்களுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நிற்பது. இதில் எது வந்தாலும் அசையாமல் மிதந்து, மெல்லப் படகுப் பக்கம் போங்கள்.

இது கோபம். தூக்கம் வேறு மாதிரி: எல்லாம் நெருக்கமாக, ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் மூழ்கும், தாவல் இல்லை, சத்தம் இல்லை, மெதுவாகப் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வரும். பாதி மூளை தூங்குகிறது, பாதி மூச்சையும் சுறாவையும் பார்த்துக்கொள்கிறது. புதியவர்கள் இதைப் பார்த்து 'ஆஹா, எவ்வளவு சாந்தம்' என்று இறங்குவார்கள். அப்போதுதான் இறங்கவே கூடாது.

சுருக்கம் விழுந்த மடிப்புக் கோடுகளோடு குட்டி தெரிந்தால் அது பிறந்து அதிக நாள் ஆகவில்லை என்று பொருள். நியூசிலாந்தில் குட்டியுள்ள கூட்டத்தோடு நீந்த அனுமதியே இல்லை.

டால்பின் இருந்தால் சுறா வராது என்பதும் கட்டுக்கதை. இரண்டும் ஒரே மீன் கூட்டத்தைத் தேடித்தான் வருகின்றன.

#16 பாய்மரம்

50 மீட்டர்க்காரருக்கும் சிறுமிக்கும்: ஆஸ்திரேலியாவின் போர்ட் பிலிப் விரிகுடாவில் உரிமம் பெற்ற படகுகள் பின்னால் நீளமான கயிறு விடும். நீந்துபவர்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீரில் வைத்திருப்பார்கள், யாரும் சிதற மாட்டார்கள், டால்பினாக வந்து பார்த்துவிட்டுப் போகும். படகோடு வராமல் தனியாக நீந்துபவர் அங்கே டால்பினிடமிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தண்ணீர் குளிர், வெட்சூட் அவர்களே தருவார்கள்.

நியூசிலாந்தின் அகரோவாவில் ஹெக்டர் டால்பின். 1.5 மீட்டருக்கு மேல் வளராது, காது மாதிரி வட்டமான முதுகுத் துடுப்பு. துறைமுகத்துக்குள்ளேயே இருப்பதால் அலை குறைவு, சிறுமிக்கு அளவான துணை. ஆனால் அருகிவரும் இனம், அதனால் அனுமதி பெற்ற படகு மட்டுமே.

நீந்தாமலும் நிறைவு கிடைக்கும். ஷார்க் பேயின் மங்கி மியாவில் பாட்டில்மூக்கன் காலையில் கரைக்கே வரும், பார்ப்பவர்கள் நீரோரம் நிற்பார்கள். சில பெண் டால்பின்களுக்கு மட்டும் வனக்காவலர்கள் அளந்து மீன் கொடுப்பார்கள். எல்லோரும் இஷ்டத்துக்கு மீன் போட்ட காலத்தில் அந்தத் தாய்களின் குட்டிகள் அதிகம் செத்தன. தாய் கரையிலேயே நின்றால் குட்டிக்குப் பாலும் காவலும் குறையும், அதனால்தான் இந்த அளவுக் கட்டுப்பாடு.

#17 வலைஞன்

கேமரா?

#18 துடுப்புமீன்

மணிக்கட்டில் கட்டிய ஆக்‌ஷன் கேமரா, அகலக் கோணம், வீடியோவை ஓட விட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பிறகு அதிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம். செல்ஃபி கம்பு வேண்டாம், நீட்டிய கம்பு டால்பினுக்குக் கை நீட்டியது மாதிரிதான். ஃபிளாஷ் தேவையே இல்லை. முதல் தடவை இறங்கும்போது கேமராவைப் படகிலேயே விட்டுவிடுவது உத்தமம்: திரையைப் பார்த்துக்கொண்டே பாதிப் பேர் டால்பினைத் தவறவிடுவார்கள்.

#19 பாய்மரம்

படகை முடிவு செய்யும் முன் கேட்க வேண்டியது:

உரிமம் எந்தத் துறையின் பெயரில், எண் என்ன? ஒரு நேரத்தில் எத்தனை பேர் நீரில், கூட வழிகாட்டி இறங்குவாரா, படகில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? குட்டி இருந்தால் என்ன செய்வீர்கள்? "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். ஏறிய பிறகு வேறு படகுகள் வந்து சேர்ந்தால் விலகுவீர்களா? ஆக்சிஜன், முதலுதவி, வானொலி உண்டா? டால்பின் தெரியாவிட்டால் என்ன ஏற்பாடு? "நீந்துவது உத்தரவாதம்" என்று எழுதியிருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். பார்ப்பதற்கு வேண்டுமானால் உத்தரவாதம் தரலாம், டால்பின் உங்களோடு நீந்தும் என்று எந்தப் படகோட்டியும் எழுதித் தர முடியாது.

ஒரே ஒரு நாளை நம்பிப் போகாதீர்கள். காற்று, அலை, கலங்கல் என்று மூன்றில் ஒரு நாள் படகு ரத்தாகலாம். தங்கும் முதல் நாளிலேயே பதிவு செய்து, பின்னால் இரண்டு நாள் காலியாக வையுங்கள். காலைப் பயணம் மேல், காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கிளம்பும்.

குமட்டலை லேசாக நினைக்காதீர்கள். ஓடும்போது தாங்குபவர்களுக்கும் படகு நின்று ஆடும்போது வந்துவிடும், டால்பின் படகு நின்று நின்றுதான் போகும். மாத்திரை என்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், சிறுமிக்கு மருத்துவரைக் கேட்டு மட்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அரைத் தூக்கத்தில் நீரில் இறங்கக் கூடாது. டீசல் புகை வரும் பின்பக்கம் உட்காராதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள். வயிறு காலியாகவும் வேண்டாம், நிரம்பவும் வேண்டாம்.

#20 நீர்க்கோழி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி: தொட்டி இல்லை. சிறுமியும் 50 மீட்டர்க்காரரும் அகரோவாவில் ஹெக்டர், நீச்சல்காரர் இருவரும் கைகோராவில் டஸ்கி. இரண்டும் ஒரே தீவில்தான். மொத்தம் ஆறு நாள், ஒவ்வோர் இடத்திலும் மூன்று. குளம் அடுத்த வாரம் தொடக்கம். வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

#21 துடுப்புமீன்

இரண்டு விஷயம். அகரோவாவில் சிறுமியோடு வெட்சூட் போட்ட பெரியவர் ஒருவர் நீரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அது 50 மீட்டர்க்காரராக இருக்கக் கூடாது. ஆகவே நல்ல நீச்சல்காரர் ஒருவர் அங்கேயும் இறங்க வேண்டியிருக்கும்.

மாஸ்க் வார் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். அது அறுவது எப்போதும் படகு நடுக்கடலில் நிற்கும்போதுதான்.